இரண்டு லாட் பூக்கள்

ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு வீட்டில் கால் தரிக்காது. வாரத்தில் ஆறு நாள் திருப்பூருக்குள் துணி ரோல்களை ஏற்றிக்கொண்டு சாயப்பட்டறைக்கும் கம்பெனிக்குமாக டெம்போ ஓட்டுகிறவன் நான். ஏழாவது நாள் எங்காவது போய்ப் பச்சையைப் பார்த்தே ஆகவேண்டும். அமராவதி அணைப் பூங்காவுக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. திருமூர்த்தி மலை அருவி, பறவைகள் வந்து இறங்கும் நஞ்சராயன் குளம், எதையும் விட்டதில்லை. டெம்போ ஸ்டாண்டில் என்னைப் பூங்காப் பைத்தியம் என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். பாத்தி கட்டி, பூ நட்டு, அதை ஊருக்கெல்லாம் திறந்து வைக்கிறவர்களைவிடப் பெரிய மனசுக்காரர்களை நான் பார்த்ததில்லை.

என் மனைவிக்கு இந்தப் பைத்தியம் கிடையாது. அவளுக்குத் துணிதான் எல்லாம். பனியன் கம்பெனியில் செக்கிங், இருபது வருடமாக ஒரே மேசை. தைத்து வருவதை உதறிப் போட்டு ஓட்டை, எண்ணெய்க் கறை எல்லாம் பார்ப்பாள். ஆனால் அவள் பெயர் வாங்கியது நிறத்தில். ஒரே நிறம்தான் என்றாலும் ஒவ்வொரு தடவை சாயம் ஏற்றும்போதும் துணி ஒரு நூலளவு மாறிவிடும். ஒரு தடவை சாயம் ஏற்றியது ஒரு லாட். உடம்பை ஒரு லாட்டிலும் கையை இன்னொரு லாட்டிலும் தைத்துவிட்டால் வெளிநாட்டுக்காரன் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவான். மற்றவர்கள் விளக்கடியில் பிடித்து யோசித்துக்கொண்டிருக்கும்போது இவள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவாள். அந்தக் கண்ணை நினைத்து நான் பெருமைப்படாத நாளில்லை.

போன வருடம் அந்தக் கண்ணில் புரை விழுந்தது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. கழுத்துப் பட்டி மட்டும் வேறு லாட்டாக இருந்த சாம்பல் நிறப் பனியன்கள் அவள் மேசையைத் தாண்டிப் போய்விட்டன, அதில்தான் விஷயம் வெளியே வந்தது. பிறகு இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் ஆனது. பார்வை நன்றாக இருக்கிறது, வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். சூப்பர்வைசரும் அவள் மேசையை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். இவள்தான் போகமாட்டேன் என்றாள்.

"வெள்ளையெல்லாம் நீலம் பாஞ்சாப்பல தெரியுதுங்க. என்ர கண்ண நானே நம்பறதில்லீங்க. மறுபடியும் ஒரு லாட்டு தப்பிப் போச்சுன்னா நா மூஞ்சிய எங்க கொண்டு போயி வெச்சுக்கறது?"

கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நாலு மாதம் வீட்டோடு கிடந்தாள். சேலைக்கு ஜாக்கெட் துணி எடுக்கக்கூட, இது சேருமா என்று என்னைக் கேட்டாள். என்னைப் போய்! எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவள் அந்த மேசைக்குத் திரும்பவேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. என் அறிவுக்கு எட்டிய ஒரே வைத்தியம் பூங்கா. ஞாயிறு தவறாமல் கூட்டிப்போனேன். அணையைக் காட்டினேன், குளத்தைக் காட்டினேன். "நல்லாருக்குதுங்க" என்பாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

அப்படித்தான் நீலகிரியில் ஒரு பூங்காவுக்குப் போனோம். பெயரைச் சொல்லமாட்டேன், அங்கே இருக்கும் தோட்டக்காரருக்குச் சங்கடம் வரக்கூடாது. சரிவில் படிப்படியாக இறங்கும் புல்வெளி, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் மரங்கள், அவற்றுக்கு நடுவே நுழைந்து நுழைந்து போகும் மேகம். இவ்வளவு அழகை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. மையத்தில் பெரிய வட்டப் பாத்தி, முழுக்க மஞ்சள் செண்டுமல்லி.

"பாரு, பாய் விரிச்சாப்பல இருக்குது" என்றேன். திரும்பினால் ஆளைக் காணோம். கயிற்றைத் தாண்டிப் போய்ப் பாத்தி ஓரத்தில் குந்தியிருந்தாள். கையில் பறித்த பூ ஒன்று. அதை இன்னொரு பூவோடு சேர்த்து வைத்து, வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'பூக்களைப் பறிக்காதீர்கள்' என்ற பலகை அவள் தலைக்கு மேலேயே இருந்தது. மேசையில் சந்தேகம் வந்தால் ஒன்றை எடுத்து இன்னொன்றின்மேல் வைத்துப் பார்க்கிற பழக்கம். அவளைக் கேட்காமலே கை செய்துவிட்டது.

விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார் தோட்டக்காரர். "ஏம்மா, இவ்வளவு பெரிய போர்டு கண்ணுக்குத் தெரியலையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறு எதைச் சொல்லித் திட்டியிருந்தாலும் பரவாயில்லை. இனி இவள் வீட்டு வாசலைக்கூடத் தாண்டமாட்டாள் என்றே நினைத்தேன். ஆனால் அவள் எழுந்திருக்கவே இல்லை.

"பறிச்சது தப்புத்தானுங்க" என்றாள். "ஆனா இது ரெண்டு லாட்டுங்க."

"என்னது?"

"இங்கிருந்து அந்தக் கல்லு வரைக்கும் ஒண்ணு, மீதியெல்லாம் வேற. இதுல ஒரு பொட்டு செவப்புக் கூடுதலா இருக்குதுங்க."

என் கண்ணுக்கு எல்லாமே ஒரே மஞ்சள்தான். தோட்டக்காரர் அந்தப் பூவை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது.

"அந்தப் பக்கம் காட்டெருமை இறங்கி மிதிச்சிருச்சும்மா. வேற பாக்கெட் விதையில நாத்து விட்டு, அந்தக் கல்லு வரைக்கும் நானேதான் மறுபடி நட்டேன். எனக்கே வித்தியாசம் தெரியல. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

நாலு மாதமாக யார் கேட்டாலும், ஊட்டுல சும்மாதானுங்க இருக்கறேன் என்பதுதான் அவள் பதில்.

"பனியன் கம்பெனியில செக்கிங்குங்க."

அதன் பிறகு அந்த மனிதர் அவளைப் பாத்தி பாத்தியாகக் கூட்டிக்கொண்டு போனார். ஊதாப் பூவுக்கு முன்னால் நின்று, "இது ஒரே லாட்டுங்க, சுத்தமா இருக்குது" என்று அவள் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். பூவையும் மரத்தையும் பார்த்தேனா என்று கேட்டால், இல்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது அவள் என் கையைத் தொட்டாள்.

"ஏனுங்க, நாளைக்கு அஞ்சு மணிக்கே எழுப்பி உடுங்க. கம்பெனி வேனு ஏழரைக்கெல்லாம் வந்துரும்."

சரி என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே பள்ளத்தாக்கு முழுக்க வெயில் இறங்கியிருந்தது என்று அவள்தான் சொன்னாள். கண் நிறைந்திருந்ததில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.