பாண்டிசெல்வி லைவுக்கு வந்த அன்று

அமெரிக்காவில் ஆப் செய்கிறவர்கள் ஒரு பொத்தானை இடம் மாற்ற வேண்டுமென்றால், முதலில் மேற்கு மலைப் பக்கம் திரும்பி நின்று, "பாண்டிசெல்வி அக்கா, மாத்திக்கிடவா?" என்று கேட்பார்கள். அவள் "ம்" கொட்டினால்தான் உலகம் முழுக்க அந்தப் பொத்தான் நகரும். நைட்டி வியாபாரத்தில் அவளுக்கு மேலே ஆகாயம் மட்டும்தான். அந்த ஆகாயமும் கறுப்பு, நீலம், செவப்பு என்று அவளிடம்தான் மொத்தமாக எடுத்து உடுத்துகிறது.

உண்மையில் யாரும் அவளைக் கேட்பதில்லை. கேட்காமலே மாற்றிவிடுகிறார்கள்.

ராஜபாளையத்தில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறாள் பாண்டிசெல்வி. புருசன் கருத்தப்பாண்டி லாரியில் ஏறினால் பத்து நாள் கழித்துத்தான் இறங்குவான். கூட இருப்பது தங்கச்சி சத்யப்பிரியா. பிளஸ் ஒன் பாதியிலேயே பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். இதை எழுதுகிறவளும் அவள்தான்.

பாண்டிசெல்வி ஏழு வருசம் நூல் மில்லில் வேலை பார்த்தாள். பஞ்சு மூக்குக்குள் போய், நெஞ்சுக்குள் போய், கடைசியில் கனவுக்குள்ளும் போனது. தூக்கத்தில் இருமிக்கொண்டே, "மேகம் தொண்டையில மாட்டிக்கிட்டு" என்பாள். அந்த இருமலோடுதான் மில்லை விட்டு, தளவாய்புரத்தில் தைக்கிற நைட்டிகளை வாங்கி விற்க ஆரம்பித்தாள்.

முதலில் பேஸ்புக். டீச்சர்மாரும் நர்சுமாரும் அங்கே இருந்தார்கள். ஒருநாள் எல்லோரும் வாட்ஸ்அப் ஸ்டேட்டசுக்குக் குடி போனார்கள், இவளும் போனாள். பிறகு டிக்டாக். அங்கேதான் அவளுக்குப் பெயர் வந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் அந்த டிக்டாக்கே இல்லை. விடிவதற்குள் ஒரு தெருவையே பெயர்த்துக்கொண்டு போனதுபோல் இருந்தது. அவள் அழவில்லை. ஜன்னலைத் திறந்து, அந்தத் தெருவில் இருந்தவர்கள் எல்லாம் இப்போது எங்கே நடந்துகொண்டிருப்பார்கள் என்று வெகுநேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரீல்ஸுக்கு வந்து, ஒவ்வொருத்தராகத் தேடிப் பிடித்தாள்.

அவள் வியாபாரத்துக்கு ஒரு முறை உண்டு. புது உருப்படி வந்தால் அதில் ஒன்றை எடுத்து வெள்ளை வாளித் தண்ணீரில் முக்கிப் பிழிவாள். வீடியோவில் தெரிவது அவள் கையும் தண்ணீரும்தான். முகம் காட்ட மாட்டாள். கேமராவைக் கண்டால் அவள் முகம் ரேஷன் கார்டு முகமாகிவிடும். பிழிந்த பிறகும் தண்ணீர் பன்னீர் மாதிரித் தெளிவாகக் கிடக்கும். சாயம் போகாது என்று வாயால் சொல்லவே மாட்டாள், தண்ணீர் சொல்லும். வாடிக்கைக்காரர்கள் அவளை வாளி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

நிறங்களுக்கும் அவளே பெயர் வைப்பாள். அய்யனார் அருவி, சஞ்சீவி மலை மூடுபனி, ஆண்டாள் கிளி. மாடிக் கொடியில் காற்று புகுந்து நைட்டிகள் உப்பி நிற்கும்போது, யாரோ பத்துப் பெண்கள் தலையில்லாமல் பேசிச் சிரிப்பதுபோல் இருக்கும். அவர்களுக்குத் தோதாகத் தானும் செத்த நேரம் சிரித்துவிட்டுத்தான் துணியை எடுப்பாள்.

இந்த வருசம் ரீல்ஸிலும் ஆள் குறைந்தது. ஆயிரம் பேர் பார்த்த இடத்தில் நாற்பது பேர். என்ன செய்யலாம் என்று தெரிந்துகொள்ள, ஸ்ரீவில்லிபுத்தூரில் சிறு வியாபாரப் பெண்களுக்காக நடந்த ஒருநாள் வகுப்புக்கு அக்காளும் தங்கச்சியும் போனார்கள். "இனிமே லைவ்தான்மா. மொத மூணு செகண்டுல ஆளைப் புடிக்கணும். இல்லைன்னா தள்ளி விட்டுட்டுப் போயிருவாங்க" என்றார் பாடம் எடுத்தவர்.

திரும்பி வரும் பஸ்ஸில் பாண்டிசெல்வி ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்திருந்தாள். கோபுரம் தென்னைகளுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து கூடவே வந்தது.

"மூணு செகண்டாம்ட்டி. அதுக்குள்ள கோபுரத்த அண்ணாந்துகூட பாக்க முடியாது."

"நீ பாக்கதுக்கு மூணு நாள் ஆகும். கூட்டத்துக்கு அம்புட்டு நேரம் இல்லக்கா."

"மில்லுல கூப்பிடுறாவ. தளவாய்புரத்துத் தையல்காரிக்கிட்ட இருக்கது இந்த ஒரு லாட்டுத் துணிதான். ஞாயித்துக்கிழம லைவ் போட்டுப் பாப்போம். ஆள் வரலன்னா திங்கக்கிழம மில்லு வேன்ல ஏறிருதேன்."

"திரும்ப அந்தப் பஞ்சுக்குள்ளயா?"

"மேகத்துக்குள்ளன்னு சொல்லு. நல்லாருக்கும்லா."

சத்யப்பிரியாவுக்கு நல்லாருக்கவில்லை. "ஒன் இருமலால வேன் டயர் வெடிச்சிரும்" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம் கலைந்து பெண்கள் போனை எடுக்கும் நாலு மணிக்கு, மாடியில் லைவ் தொடங்கியது. தங்கச்சி ஒரு கையால் போனைப் பிடித்தாள். மறு கையால் மடித்த நைட்டியை நீட்டினாள். வாளியில் தண்ணீர் ஆகாயத்தை வாங்கிக்கொண்டு அசையாமல் இருந்தது. பார்த்தவர்கள் பதினாலு பேர்.

"இதுக்குப் பேரு ஆண்டாள் கிளி. நல்ல பச்சை, வெள்ளப் புள்ளி" என்றபடி பாண்டிசெல்வி துணியை முக்கினாள்.

தண்ணீர் சிவந்தது.

முதலில் ஒரு இழை, பிறகு ஒரு திரி, பிறகு வாளி முழுக்க அந்தி. மலைக்குப் பின்னால் சூரியன் போனபின் கிடக்கும் அதே செம்மஞ்சள். அவள் கைகள் அதற்குள் அப்படியே நின்றன.

"அக்கா, சாயம் போகுதே!" என்று ஒரு கமெண்ட் வந்தது. "வாளி அக்காவுக்கே சாயமா?" என்று இன்னொன்று. பதினாலு அறுபதானது. அறுபது இருநூறானது. ஒருத்தி இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். மூணு செகண்டில் தள்ளிவிடுகிற ஆட்கள் தள்ளாமல் நின்றார்கள்.

பாண்டிசெல்வி போனை அணைக்கச் சொல்லவில்லை.

"பாத்துக்கிட்டேதான இருக்கிய. நான் என்னத்தச் சொல்ல? இந்தக் கலர யாரும் எடுக்காதீய. இருவத்திநாலு உருப்படி இருக்கு, ஒண்ணும் விக்க மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "தண்ணிய நம்பித்தான் இம்புட்டு நாளும் வாங்குனிய. அது போச்சுன்னா நான் விக்கக் கூடாது. இதுதான் கடைசி லைவ்னு வச்சுக்கிடுங்க."

"அக்கா... இன்னொருக்கா முக்கிப் பாரேன். வேற தண்ணில" என்றாள் சத்யப்பிரியா. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

பாண்டிசெல்விக்கு அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அந்தித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழகாக இருந்தது என்பதுதான் அவளுக்கு வேதனை. இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்றுகூட மனசு ஒரு கணம் தானாகப் போனது. கிளி கூட்டுக்குத் திரும்பும் நேரம் என்று வைக்கலாம். கிளி பச்சை, வானம் சிவப்பு.

அங்கேதான் அவள் மனசு நின்றது. கிளியைப் பிழிந்தால் வானம் வருமா?

எழுந்து வாளியைக் கவிழ்த்தாள். குழாயைத் திறந்து தானே தண்ணீர் பிடித்தாள். துணிக்கட்டிலிருந்து இன்னொரு ஆண்டாள் கிளியை உருவி முக்கினாள். பன்னீர். இன்னொன்று. பன்னீர். நாலாவதையும் பிழிந்தபோது தண்ணீருக்குள் வாளியின் அடி தெரிந்தது. அதில் ஒரு குட்டி மேகம் போனது. ஐநூற்றுப் பத்துப் பேர் மூச்சு விடாமல் பார்த்தார்கள்.

பிறகு அந்த முதல் நைட்டியை எடுத்து உதறினாள். உள்மடிப்பில் கரையாமல் ஒட்டியிருந்த பொடியை விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தாள்.

"பச்சைத் துணி எப்பிடிட்டி செவப்பா அழும்?"

தங்கச்சியின் ஒரு கை முதுகுக்குப் பின்னால் போனது.

"கையக் காட்டு."

"எந்தக் கைய?"

"போன் புடிக்காத கைய."

அந்தக் கையை அக்காள் பிடித்து இழுத்து, புதுத் தண்ணீருக்குள் அமுக்கினாள். நகக்கண்களிலிருந்து செம்மஞ்சள் மெல்ல, வெட்கப்பட்டுக்கொண்டு வந்தது.

"நல்லாப் பாத்துக்கிடுங்க. சாயம் துணியில இல்ல, எந் தங்கச்சி கையில இருக்கு. கேசரிப் பவுடர். கூட்டம் சேக்கதுக்குச் செஞ்சிருக்கா. இந்தத் துணியப் பத்திச் சந்தேகம் இருக்கவுக எடுக்க வேண்டாம்."

கமெண்ட் மழையாக விழுந்தது. பாதிச் சிரிப்பு, மீதி, "ஆண்டாள் கிளி எனக்கு ரெண்டு." "தங்கச்சிக்கு நாலு சாத்து சாத்துக்கா" என்று கிருஷ்ணன்கோவிலிலிருந்து ஒரு ஹாஸ்டல் வார்டன்.

பாண்டிசெல்வி போனை வாங்கி லைவை நிறுத்தினாள். இதை எழுதுகிறவள், தான் அடி வாங்கப் போகும் கன்னம் எது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். இடது பக்கம் பரவாயில்லை, அங்கே பல்வலி இல்லை.

அக்காள் அடிக்கவில்லை. அந்தச் செம்மஞ்சள் கையைத் தன் சேலைத் தலைப்பில் துடைத்தாள். சாயம் தலைப்புக்கும் போனது.

"அம்புட்டுக்கு மில்லுன்னா பயமாட்டி?"

"எனக்கென்ன பயம். நீ போனா ராத்திரிக்குத் தோசை சுட ஆளில்ல, அதான்."

"பொய் சொல்லாத. ஒன் கண்ணும் சாயம் போகுது."

அவள் அவசரமாக மலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்னாலிருந்து அக்காளின் குரல் வந்தது.

"நாளைக்கு லைவுக்குத் துணிய நானே மடிச்சுக்கிடுதேன். நீ போன மட்டும் புடி."