வைரவருக்குப் போகாத மாம்பழம்

அப்பாவை ஆசுபத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று என் கையில் ஒரு தாளைத் தந்தார்கள். பக்கவாதம் வந்தவருக்கு என்ன கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்த தாள். எங்கள் வீட்டில் அதை வாசிக்கக் கூடியவன் நான் ஒருவன்தான். அப்பா கொடிகாமம் சந்தையில் லொறிகளுக்கு மூட்டை ஏற்றியவர். அம்மா பெருவிரல் வைக்கிறவர்.

அப்பாவின் தொண்டையில் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. தண்ணீரை அப்படியே கொடுத்தால் நெஞ்சுக்குள் இறங்கிவிடும். எதையும் மசித்து, தடிப்பாக்கி, ஆளை நிமிர்த்தி இருத்திச் சின்னக் கரண்டியால் கொடுக்க வேண்டும். "பதினாலு நாளில கிளினிக்குக்கு வாங்கோ. நிறை குறைஞ்சிருந்தா திரும்பவும் குழாய்தான் விடவேணும்," என்று தாதி சொன்னார். அது அப்பாவுக்கும் கேட்டது. மூக்கால் விட்ட குழாயை அவர் ஒருமுறை தானே இழுத்தெறிந்திருந்தார். பிறகு கையைக் கட்டிலோடு கட்டித்தான் மறுபடி விட்டார்கள். அப்போது நான் வாட்டு வாசலில் நின்றேன். அப்பா அழுகிற சத்தத்தை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன்.

தாளில் முதலாவதாக இருந்தது அப்பிள் சோஸ். நான் அதைச் சாப்பிட்டதுமில்லை, கண்டதுமில்லை. கைபேசியில் தேடினேன். ஏதோ ஒரு குளிர் தேசத்தில் ஒரு பெண் தன் வளவு மரத்தில் அப்பிள் ஆய்ந்து, கூடை நிறையக் கொண்டுவந்து, தோல் சீவி, விதை எடுத்து, கொஞ்சத் தண்ணீரில் அவித்து மசித்தாள். அவ்வளவுதான் வேலை. எங்கள் வீட்டிலும் அப்பிள் நிறையக் கிடந்தது. நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்தவை. மெழுகு பூசியதுபோல மினுங்கின. எப்போது ஆய்ந்தவை என்று விற்றவனுக்கே தெரிந்திராது.

நான் அவிப்பதை அம்மா எட்டிப் பார்த்தார்.

"அப்பிளை ஆரும் அவிப்பினமே? கத்தரிக்காய் மாதிரியெல்லோ கிடக்குது. கடுகு தாளிச்சு விடட்டோ?"

"சும்மா இருங்கோ அம்மா."

அப்பா ஒரு கரண்டி வாங்கினார். வாய்க்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு நாக்கால் வெளியே தள்ளினார். உழுந்துக் களி, அரைத்த கஞ்சி, மசித்த பூசணிக்காய் எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். எதிலும் இரண்டு கரண்டிக்கு மேல் போகவில்லை. ஐந்தாம் நாள் அவரைத் துடைக்கும்போது தோள் எலும்பு என் கையில் தட்டுப்பட்டது. மூட்டை சுமந்து காய்ப்பேறிய தோள் அது.

ஆறாம் நாள் காலை யன்னலால் வாசம் வந்தது. குசினிப் பக்கம் நிற்கிற கறுத்தக்கொழும்பான் மரம் இந்த முறைதான் முதன்முதலாகக் காய்த்திருந்தது. அப்பா ஒட்டு மாங்கன்று வாங்கிவந்து வைத்த மரம். பதினொரு காய். வௌவால் கடிக்காமல் ஒவ்வொன்றுக்கும் வெங்காயப் பை கட்டிவிட்டிருந்தார். காய் பெருவிரல் அளவில் இருக்கும்போதே சொல்லிவிட்டார்: "முதல் பழம் வைரவருக்கு. அதுக்குப் பிறகுதான் உங்களுக்கு." ஒழுங்கை முடிவில் இருக்கிற வைரவர் கோயிலைச் சொன்னார்.

"பழுத்திட்டுதோ?" என்று கேட்டார் அப்பா. குழறிய பேச்சுத்தான், ஆனால் விளங்கியது. வீட்டுக்கு வந்தபிறகு அவராகக் கேட்ட முதல் சாப்பாடு அதுதான்.

அம்மா வெளியே ஓடினார். "ரெண்டு பழம் நிறம் மாறிட்டுது!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். அவருக்கு அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். எங்களுக்குத் துடக்கு. இரண்டு நாளைக்கு முன்னர்தான் கனடாவில் இருந்து தொலைபேசி வந்தது. அப்பாவின் அண்ணை, என் பெரியப்பா, செத்துப்போனார். நான் அவரைத் தொலைபேசித் திரையில் மட்டும்தான் கண்டிருக்கிறேன். ஆனாலும் முப்பத்தொரு நாள் துடக்கு. நாங்கள் கோயிலுக்குப் போகவும் முடியாது, எங்கள் வீட்டில் இருந்து எதையும் கோயிலுக்குக் கொடுத்தனுப்பவும் முடியாது.

"துடக்குக் கழியட்டும்," என்று அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

நான் அம்மாவைக் குசினிக்குள் கூட்டிப்போனேன்.

"அம்மா, கிளினிக்குக்கு இன்னும் எட்டு நாள்தான் கிடக்கு."

"எனக்குத் தெரியாதே?"

"வைரவர் என்ன, மாம்பழத்துக்குக் கோவிக்கிறவரோ?"

"உப்பிடிக் கதையாத." வாளியைத் தூக்கினார். "நீ படிச்சனி. உனக்குச் சரியெண்டு பட்டதைச் செய். என்னைக் கேளாத." கிணற்றடிக்குப் போய்விட்டார். போதிய தண்ணீர் ஏற்கெனவே வாளியில் இருந்தது.

இரண்டு பழத்தையும் ஆய்ந்தேன். காம்பில் இருந்து பால் கையில் பட்டு எரிந்தது. தோல் சீவி, சதையை வெட்டி, அப்பிளுக்குச் செய்ததுபோலக் கொஞ்சத் தண்ணீர் விட்டு மெல்லிய நெருப்பில் அவித்தேன். நன்றாகக் குழைந்ததும் அப்பாவின் பழைய வேட்டித் துண்டில் போட்டுப் பிழிந்து நாரை நீக்கினேன். கரண்டியைச் சரித்தால் ஒரே கட்டியாக மெல்ல வழுகி விழவேண்டும் என்று தாதி காட்டித் தந்திருந்தார். அப்படியே விழுந்தது. சூடு பார்க்கப் புறங்கையில் ஒரு துளி வைத்தேன். அதை நக்கவில்லை, துடைத்துவிட்டேன். அம்மாவிடம் அப்படிக் கதைத்துவிட்டு வந்தவன் நான்தான்.

கோப்பையைக் கொண்டுபோனபோது அப்பா கண்ணைத் திறந்து பார்த்தார்.

"என்ன உது?"

"மாம்பழம் அப்பா. வைரவருக்கு வச்சாச்சு."

எந்த இடத்தில் அந்தப் பொய்யை யோசித்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. அடுப்படியில் யோசிக்கவில்லை. வாய் திறக்கும்போது வந்தது.

"ஆர் கொண்டு போனது?"

"சித்தப்பா."

சித்தப்பா பக்கத்து வளவில் இருக்கிறவர். அப்பாவின் தம்பி. வாசலில் வழக்கமாக நிற்கிற ஆள் என்றபடியால் அந்தப் பெயர்தான் வந்தது. அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இழுபட்டுக் கிடந்த வாய் மெல்ல அசைந்தது.

"அவனுக்கும் துடக்கெல்லோ."

பெரியப்பா அவருக்கும் அண்ணை. பள்ளிக்கூடம் போகாதவர்கள்கூட இந்த இடத்தில் பிழை விடமாட்டார்கள். நான் சோதனைகளில் பிழை விடாமல் எழுதி வந்தவன். கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன். அப்பா வாயை இறுக மூடிச் சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பினார். மசித்த பழத்தை மரத்தடியில் கொட்டினேன். அன்று மத்தியானம் கஞ்சி கொண்டுபோனபோதும் அவர் திரும்பவில்லை.

"உன்ரை கையால வேண்டாம்," என்றார்.

அடுத்த நாள் முழுவதும் அம்மா கொடுத்ததில் மூன்று கரண்டி போனது. நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மரத்தடியில் இருந்தேன். "பொய்தான் சொன்னனான் அப்பா" என்று ஒருமுறை போய்ச் சொன்னேன். "தெரியும்," என்றார்.

மறுநாள் காலை அம்மா என்னிடம் வந்தார். "இன்னும் ரெண்டு பழுத்திருக்கு. அண்டைக்கு மாதிரிச் செய்து தா." செய்து கொடுத்தேன். கோப்பையை வாங்கிக்கொண்டு கட்டிலடிக்குப் போனார். நான் கதவோடு நின்றேன்.

"இஞ்சேருங்கோ, இஞ்சை பாருங்கோ."

அப்பா திரும்பினார். அம்மா ஒரு கரண்டி அள்ளித் தன் வாய்க்குள் போட்டு விழுங்கினார். உதட்டோரம் மஞ்சளாக வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

"முதல் பழத்தை நான் திண்டிட்டன். குற்றமெண்டா என்ரை தலையில. இனி உங்களுக்கு ஒண்டுமில்லை. வாயைத் திறவுங்கோ."

"விசரி," என்றார் அப்பா.

"ஓம், விசரிதான். குழாயோட கட்டிக் கிடக்கிற ஆளைப் பாக்கிறதைவிட விசரியா இருக்கலாம். திறவுங்கோ."

அப்பா திறந்தார். நாடியைத் தாழ்த்தி, மெல்ல, ஒவ்வொரு கரண்டிக்கும் கண்ணை மூடி விழுங்கினார். ஒருமுறை செருமினார். நாங்கள் இருவரும் அசையாமல் நின்றோம். பிறகு அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தார். அரைக் கோப்பை போனது. பழம் பிடித்ததா, பசியா, குழாய்க்குப் பயமா, அம்மா முன்னால் மறுக்க முடியாமல் சாப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அதன்பிறகு தினமும் காலையில் நான் ஆய்ந்து, அவித்து, பிழிந்து கொடுப்பேன். அம்மா ஊட்டுவார். பழம் இறங்கினதும் கஞ்சியும் கொஞ்சம் கூடப் போகத் தொடங்கியது. அப்பா என்னோடு கோபமாக இருந்தார் என்று சொல்ல முடியாது. தலையணையைச் சரிசெய்யச் சொன்னார், காற்றாடியைக் குறைக்கச் சொன்னார். ஆனால் நான் கட்டிலடிக்கு வந்தால் என் கையில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தார்.

கிளினிக் நாளன்று ஓட்டோவில் போனோம். நிறை பார்த்து அட்டையில் எழுதித் தந்தார்கள். குறையவில்லை, கொஞ்சம் கூடியிருந்தது. வரிசையில் இருக்கும்போதே அப்பாவின் காதோடு சொன்னேன்: "நிறை குறையேல்லை. குழாய் விடமாட்டினம்." தலையாட்டினார். கொஞ்சம் கழித்து நான் திரும்பவும் சொன்னேன். திரும்பவும் தலையாட்டினார்.

எங்கள் முறை வந்தது. தாதி அட்டையைப் பார்த்துச் சிரித்தார். "நல்லாப் பாத்திருக்கிறியள். என்ன குடுத்தனீங்கள்?"

"மாம்பழம், மிஸி. அவிச்சு வடிச்சது," என்றார் அம்மா.

அப்பா நல்ல கையால் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் சரிந்தார். ஒவ்வொரு சொல்லையும் கஷ்டப்பட்டு எடுத்தார்.

"குழாய் விடுவியளோ?"

"இல்லை ஐயா, இனித் தேவையில்லை. மகன் சொல்லேல்லையோ?"

"அவன் சொன்னவன்," என்றார் அப்பா. "நீங்கள் சொல்லுங்கோ."

தாதி அவருடைய கையைப் பிடித்து, சத்தமாக, நிறுத்தி நிறுத்தி இன்னொருமுறை சொன்னார். அதன்பிறகுதான் அப்பா கதிரையில் சாய்ந்தார். அம்மா என் பக்கம் பார்க்கவில்லை. நான் அடுத்த கிளினிக்குக்குத் திகதி போட அட்டையை நீட்டினேன்.