பூவாடைக்காரியின் கால்

பாகூர் ஸ்டுடியோவில் அந்தப் படத்தின் பின்அட்டையைக் கழற்றியபோது இருந்தவர்கள் நான், என் அக்கா, ஸ்டுடியோக்காரர். அப்பா இல்லை; கரும்பு வெட்டுக்கு ஆள் விட்டுக்கொண்டிருந்தார். அம்மாவும் இல்லை, அக்காவின் கல்யாணப் பத்திரிகை வைக்கக் கடலூர்ப் பக்கம் போயிருந்தார். அவர்கள் வராமல் இருந்தது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

படம் எங்கள் கொள்ளுப்பாட்டியுடையது. பிரசவத்தில், சுமங்கலியாகச் செத்துப்போனவர். எங்கள் பக்கத்தில் அப்படிப் போனவரைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் முதல் புடவை அவளுக்குத்தான். பம்பைக்காரரை வைத்து நீர்க்கரையில் அவளை அழைத்து, வீட்டுக்குக் கூட்டிவந்து படையல் போட்டு, உத்தரவு வாங்கிய பிறகே பந்தல்கால். பெரியப்பா தன் மகள் கல்யாணத்தில் இதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டார். வருஷம் திரும்புவதற்குள் அந்த அக்கா பெட்டியோடு வந்து நின்றாள். அதிலிருந்து இந்த விஷயத்தில் அப்பா யார் பேச்சையும் கேட்பதில்லை. என் அக்காவுக்கு நாள் குறித்ததும் அவர் சொன்ன முதல் வேலை, செல்லரிக்கத் தொடங்கியிருந்த அந்தப் படத்தைப் பெரிதாக்கி, கலர் போட்டு வாங்கிவருவது.

ஸ்டுடியோக்காரர் ஆணிகளைப் பிடுங்கினார். படம் நாங்கள் நினைத்ததைவிடப் பெரியது. கீழ்ப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் பின்னால் மடித்து ஃப்ரேமுக்குள் அடக்கியிருந்தார்கள். மடிப்பைப் பிரித்தார். வலப்பக்கம் அட்டைக் கிரீடம் வைத்த ஒரு ஆள். அவருக்குப் பின்னால் மாளிகைத் தூண்கள் வரைந்த திரை, காற்றில் உப்பியிருந்தது. ஓரத்தில் கேமரா ஸ்டாண்டின் ஒரு கால். கீழே, புடவைக் கரைக்கு அடியில், எங்கள் கொள்ளுப்பாட்டியின் வெறும் பாதங்கள்.

இடது பாதத்தில் இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் ஒட்டியிருந்தன.

அக்கா படத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து என் செருப்பைப் பார்த்தாள்.

“டேய், இது உன் காலுடா.”

அந்த விரல் எனக்கு இருக்கிறது, அப்பாவுக்கு இருக்கிறது, செத்துப்போன தாத்தாவுக்கும் இருந்தது. எங்கள் எல்லாருக்கும் அதைக் கொடுத்தவர் கொள்ளுத்தாத்தா. ஊரில் அவருக்குப் பட்டப்பெயரே ஒட்டுவிரல்.

அவர் சினிமாக்காரர். படங்கள் பேசாத காலத்தில் நடித்தவர். எங்கள் ஊர் செலியமேட்டில் இது தெரியாதவர்கள் இல்லை. கூத்து கட்டிக்கொண்டிருந்த பையனை மெட்ராஸிலிருந்து வந்த ஒருவர் பார்த்துக் கூட்டிப்போனார். ராஜா வேஷம் போட்டார், குதிரை ஏறினார், கத்தி சுழற்றினார். படங்கள் பேச ஆரம்பித்ததும் குரல் ஒத்துவரவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து கல்யாணம் கட்டி, கடைசிவரை அடுத்தவர் கரும்புக்கொல்லையில் கூலிக்குப் போனார். அவர் நடித்த படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வரை போன முதல் ஆள் நான் என்பதால், கல்லூரி ஆண்டு மலரில் அவரை ராஜா என்று அச்சிலும் ஏற்றியிருந்தேன்.

ஆனால் சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு சந்தேகம். அவருக்குக் கட்டைக் குரல் என்பார்கள். ஏரிக்கரையில் நின்று மாட்டை அதட்டினால் எதிர்க்கரையில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பானாம். அது ராஜாவுக்கு ஏற்ற குரல்தானே, அதற்கு ஏன் அனுப்பினார்கள்? கேட்டால் அப்பா, “அதெல்லாம் பெரிய எடத்து சமாச்சாரம், நமக்கு இன்னாடா தெரியும்” என்பார்.

ஸ்டுடியோ ஸ்டூலில் உட்கார்ந்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. குடும்பத்துப் பெண்கள் கேமரா முன்னால் வர மாட்டேன் என்ற காலத்தில் அவர் ராணியாக நின்றிருக்கிறார். மைக் வந்த அன்றைக்கு ராணி வாயைத் திறந்திருக்கிறாள்.

“எவ்ளோ நல்லா நடிச்சிருந்தா, சொந்தப் பேரப்புள்ளைங்களே நம்பியிருக்கோம் பாரு!” அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள், “அப்பாவுக்குத் தெரிஞ்சா?” என்றாள்.

கொள்ளுப்பாட்டியை யாரும் படம் எடுத்ததே இல்லை. அம்மா முகம் தெரியாமல் வளர்ந்த தாத்தா, சிறுவனாக இருந்தபோது, தகரப் பெட்டியில் இந்தப் படத்தைக் கண்டெடுத்து, “இதான் அம்மாவா?” என்று கேட்டாராம். கொள்ளுத்தாத்தா தலையை மட்டும் ஆட்டினாராம். மறுநாள் அவரே புதுச்சேரிக்கு நடந்துபோய் ஃப்ரேம் போட்டு வந்தாராம். பெண்டாட்டி மேல் அவருக்கு இருந்த பாசத்துக்கு அடையாளமாக இதை எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

அப்படியென்றால் படத்தை மடித்தவர் அவர்தான். தாயில்லாப் பிள்ளைக்காக ஒரு முறை தலையாட்டிவிட்டார். அதற்குப் பிறகு இல்லை என்று எந்த நாளில் சொல்லியிருக்க முடியும்? பிள்ளையின் கல்யாணத்தில் எல்லாரும் பார்க்க அந்தப் படத்துக்குக் கற்பூரம் காட்டி, விழுந்து கும்பிட்டிருப்பார்.

“இன்னாபா, முழுசாப் போடவா, பாதி போடவா?” என்றார் ஸ்டுடியோக்காரர்.

“அப்பாகிட்ட சொல்லிடலாம்க்கா” என்றேன்.

“சொல்லி? அவரு கல்யாணத்துக்கே இதைத்தான் கும்புட்டாரு. நீ கும்புட்டது ஆம்பளைன்னு போய் சொல்வியா? பந்தலைப் பிரிச்சிட்டுத்தான் மறுவேலை பாப்பாரு. மொதல்ல கல்யாணம் முடியட்டும்டா.”

“முடிஞ்ச பெறகு?”

அக்கா என்னையே பார்த்தாள். அடுத்த கல்யாணம் என்னுடையது.

ஸ்டுடியோக்காரருக்கு எங்களைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும். “கால்கிட்ட ரோஜாப்பூ போட்டு மறைச்சிடறேன் தம்பி. பக்கத்துல நிக்கற ஆள அழிச்சிட்டா சாமி படம் மாதிரி ஆயிடும். பழைய படத்த இன்னா பண்ண?”

“மடிச்சு உள்ளாறயே வெச்சிடுங்க” என்றாள் அக்கா.

வரும் வழியில் பூவாடைக்காரிக்குப் புடவை எடுத்தோம். அக்கா தானாகவே ஒரு வேட்டியும் எடுத்தாள். படையல் அன்று அதைப் புடவைத் தட்டில் வைத்தாள். அப்பா பார்த்துவிட்டார்.

“இது எதுக்குமா?”

“கொள்ளுத்தாத்தாவுக்குபா. அவருக்கு யாரும் எதுவும் வெக்கறதே இல்லியே.”

“அவரு ராஜாமா, அவருக்குத் தனியா செய்யணும். பூவாடைக்காரி தட்டுல ஆம்பளைத் துணி படக்கூடாது.” வேட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். “நீ கட்டிக்கோடா. சாமி கும்புடற வூட்ல பேண்ட்டோட நிக்கிறான் பாரு.”

கட்டிக்கொண்டேன். மோட்டார் கொட்டகைத் தொட்டியருகே பம்பை அடித்து அழைத்து, புடவையை மஞ்சள் நீரோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை மேல் அருள் வந்தது.

“புடவை புடிச்சிருக்கா தாயே? புள்ளை கல்யாணத்துக்கு உத்தரவு குடுக்கிறியா?” என்றார் பம்பைக்காரர்.

அத்தை கண்ணை மூடியபடி தலையை மட்டும் ஆட்டினாள். அப்பா குழந்தைபோல அழுதார். எல்லாரும் விழுந்தோம். தரையில் நெற்றியை வைத்தபோது என் முகத்துக்கு முன்னால் அப்பாவின் பாதம் இருந்தது, ஒட்டிய விரல்களோடு. மேலே சுவரில் ரோஜாப்பூ.

அக்கா புகுந்த வீட்டில் நன்றாக இருக்கிறாள். எல்லாம் பூவாடைக்காரி உத்தரவு என்கிறார் அப்பா. எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். பம்பைக்காரருக்கு இப்போதே சொல்லி வைக்கவேண்டும் என்று இந்த வெள்ளிக்கிழமை அப்பா சொன்னார். நான் சரி என்றேன். கூடத்தில் எங்கே உட்கார்ந்தாலும் அந்தப் படம் பார்க்கிறது. அப்பாவுக்கு எழுத்து தெரியாது என்பதால் இதை அவர் பக்கத்தில் உட்கார்ந்தே எழுதுகிறேன்.

“இன்னாடா எழுதற?”

“கொள்ளுத்தாத்தாவப் பத்திபா.”

“குதிரை ஏறனத விட்றாத.”

விடவில்லை, மேலே எழுதியிருக்கிறேன். இனி எழுத ஸ்டுடியோ பில் மட்டும்தான் பாக்கி. பெரிதாக்கிக் கலர் போட்டு ஃப்ரேம் போட ஆயிரத்து இருநூறு, பக்கத்தில் நின்ற ராஜாவை அழிக்க இருநூறு, காலை மறைத்த ரோஜாப்பூவுக்கு நூறு. மொத்தம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.