பெல்ட் எரிந்தால் நான்தான் கிடைத்தேனா?

மலேசியாவில் லிங்கிப் பக்கம் இருக்கும் எங்கள் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் நாலு சக்கர மோட்டார் ஓட்டும் ஒரே பொம்பளை நான்தான். ஏடிவி என்பார்கள். பின்னால் ஓர் இழுவைப் பெட்டியை மாட்டி, உதிரிப் பழ மூட்டைகளை மேட்டுச் சாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. அதற்கு முன்னால், அந்தப் பழங்களை மரத்துக்கு மரம் குனிந்து பொறுக்கியவளும் நான்தான். வேலை முடிந்தால் முதுகு நிமிராது, முழங்கால் மடங்காது. வண்டிச் சாவி என் கைக்கு வந்த அன்று என் அக்காள் கோயிலில் தேங்காய் உடைத்தாள். நான் கோயிலுக்குக்கூடப் போகவில்லை, வண்டியை விட்டு இறங்க மனசு வரவில்லை.

அந்த வண்டி பெல்ட்டைத் தின்ன ஆரம்பித்தது. ஏற்றத்தில் இன்ஜின் கத்து கத்தென்று கத்தும், சக்கரம் நகராது, ரப்பர் கருகும் வாடை வரும். இந்த வண்டியின் கிளட்ச் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. முன்னால் ஒரு கப்பி, பின்னால் ஒரு கப்பி, இரண்டையும் சுற்றி ஒரு பெல்ட். கப்பித் தட்டுகள் பெல்ட்டை இறுக்கிப் பிடித்தால் வண்டி போகும். பிடி நழுவினால் பெல்ட் உரசிச் சூடேறிப் போய்விடும். முதல் பெல்ட் போனபோது பழசு என்றார்கள். புதுசு மாட்டி அதுவும் சீக்கிரமே போனதும் பேச்சு மாறிவிட்டது.

மூன்றாவது பெல்ட் மாட்டிய மறுநாள், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் எல்லாரும் வரிசையாக நிற்கும்போது, எங்களை வேலை வாங்கும் மண்டோர் ஆரம்பித்தார். "பொம்பள கையில மோட்டார் குடுத்தா இப்படித்தான் லா. இந்த பெல்ட்டும் போச்சுன்னா சாவிய வச்சிட்டு வாளியத் தூக்கிக்க."

அது உதிரி பொறுக்கும் வாளி. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "பாரம் ஏத்துனா நான் மெதுவாத்தான் போறேன் மண்டோர். நீங்க வந்து பாத்தீங்களா?" என்றேன். யாரோ சிரித்தார்கள். மண்டோருக்குப் பக்கத்தில் என் அக்காள் புருஷன் நின்றிருந்தார். தோட்டத்துப் பட்டறையில் வண்டி பார்ப்பவர் அவர். மூன்று பெல்ட்டையும் மாட்டியவரும் அவர்தான். அவர் வாயே திறக்கவில்லை.

முதல் பெல்ட் போனபோது அவரே சொன்ன ஒரு விஷயம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "வண்டி நகராம நிக்கிறப்ப போட்டு முறுக்குனா, பெல்ட்டு ஒரே இடத்துலதான் கருகும். அது ஓட்டுறவங்க தப்பு."

அன்று மத்தியானம் நேரே பட்டறைக்குப் போனேன். குப்பைத் தோம்பைக் கிளறி இரண்டாவது பெல்ட்டை எடுத்தேன். ஒரு சுற்று முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓர் இடத்திலும் தனியாகக் கருகல் இல்லை. இரண்டு ஓரமும் ஒரே மாதிரி, முழுக்க, பளபளவென்று இருந்தன. அப்படியானால் இது ஓரிடத்தில் நின்று எரிந்தது இல்லை, வழி நெடுக வழுக்கியிருக்கிறது. வழுக்குவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

வண்டியின் பக்க மூடியைக் கழற்றினேன். "ஏய் புள்ள, என்னா பண்ற?" என்று ஓடிவந்தார் அக்காள் புருஷன். நான் வெள்ளைத் துணியால் கப்பித் தட்டை ஒரு துடை துடைத்தேன். துணியில் கறுப்பாகக் கிரீஸ் ஒட்டிக்கொண்டு வந்தது.

மனுஷர் கெட்டவர் இல்லை. எது கீச்சிட்டாலும் கிரீஸ் வைத்தே பழகிய கை. பெல்ட் மாற்றும்போதெல்லாம் கப்பியின் தண்டிலும் அள்ளி அப்பியிருக்கிறார். சூட்டில் அது உருகி, சுற்றுகிற வேகத்தில் தட்டெல்லாம் தெறித்திருக்கிறது. காய்ந்து கிடக்க வேண்டிய இடம் அது.

துணியைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "இந்தா பாரு, இது நமக்குள்ள இருக்கட்டும். பெல்ட்டு சரக்கு மட்டம்னு மண்டோர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"காலையில அத்தன பேர் முன்னால என் மானம் போனப்ப உங்க வாய் எங்க மாமா போச்சு?"

அவர் குனிந்து, நான் கழற்றிப் போட்ட மூடியைத் துடைக்க ஆரம்பித்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் நாளைக்கு வாளி யார் கையில் இருக்கும்? பிரேக் துடைக்கும் மருந்தை அடித்துத் தட்டுகளை ஈரம் போகத் துடைத்தேன். சோப்புப் போட்டுக் கை கழுவினேன். கிரீஸ் பட்ட மூன்றாவது பெல்ட்டைக் கழற்றிவிட்டு, இன்னொரு புது பெல்ட்டை, அதிலுள்ள அம்புக்குறி சுழலும் பக்கம் பார்க்கும்படி நானே மாட்டினேன். மூட்டை முழுக்க ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினேன். கத்தல் இல்லை, வாடை இல்லை.

மறுநாள் பெரட்டில் துணியையும் பழைய பெல்ட்டையும் தூக்கிக் காட்டி, நடந்ததை அப்படியே சொன்னேன். யார் கிரீஸ் வைத்தது என்று மண்டோர் கேட்டார். அதையும் சொன்னேன். "சரி சரி, போய் வேலையப் பாருங்க" என்றார். எனக்கு ஒரு வார்த்தை வருத்தம் சொன்னாரா? அதுதான் கிடையாது. சாவி மட்டும் என்னிடமே இருந்தது.

சாயங்காலம் அக்காள் என் வாசலுக்கு வந்து கத்தினாள். "ஒரு பெல்ட்டுக்காக என் புருஷன் மானத்த வாங்கிட்டியேடி!" அதோடு என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம், கடையிலிருந்து அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் செம்மண் சாலையில் நடந்து வந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. நான் வண்டியை அவள் நடைக்குத் தக்கபடி மெதுவாக உருட்டினேன்.

"ஏறுக்கா."

அவள் நடையை எட்டிப் போட்டாள்.

"நான் மன்னிப்பு மட்டும் கேக்க மாட்டேன். அவரு வாயத் தொறந்திருந்தா நான் தொறந்திருக்க மாட்டேன். ஏறுனா ஏறு, ஏறாட்டி போ."

அக்காள் நின்றாள். என்னை முறைத்தாள். அரிசிப் பையைத் தூக்கி என் வண்டியின் பின்னால் தொப்பென்று போட்டாள். பிறகு கையை வீசிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். வீடு வரைக்கும் நான் அவளை முந்தவில்லை.