நுணா மரம் சொன்ன சாட்சி

குத்தாலத்துக்குத் தெற்கே மிராசுதாரின் வரப்போரம் வீரையனுக்கு ஒரு குடிசையும் ஒரு நுணா மரமும் இருந்தன. குடிசை வெள்ளத்துக்கு வெள்ளம் போய்விடும். மரம் நிற்கும்.

எழுபத்தொன்றில், கூலியாள் குடியிருக்கும் மனை அவனுக்கே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டது. "நேத்து முளைச்ச குடிசை" என்று மிராசுதாரின் காரியஸ்தர் கையை விரித்தார். வீரையனிடம் காகிதம் ஏது? கல்யாணமான வருஷம் ஆடியில் நட்ட மரம்தான் சாட்சி. அதன் பருமனைப் பார்த்தால் எந்த அதிகாரியும் வாயடைத்துப் போவார்.

அந்த மரத்தின் வேர்ப்பட்டையைக் காய்ச்சினால் மஞ்சள் சாயம். சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு. மாரியம்மனுக்கு வேண்டுதல் துணி நனைக்க அவன் பெண்சாதி ராமாயி வருஷம் ஒரு பக்க வேரை மட்டும் தோண்டுவாள். மறுவருஷம் மறுபக்கம். மரத்துக்கும் வருத்தமில்லை.

கூலியாட்கள் சங்கத்துச் செயலாளர் இராஜாங்கம் வந்தார். "அண்ணே, பட்டா கேட்டு ஊர்வலம். கடைத்துணி ஒரு மழைக்கே வெளுத்துப் போவுது. நம்ம வேருச் சாயம்னா கொடியில சிவப்பு நிக்கும்."

வீரையன் நாலு பக்கமும் தோண்டினான்.

"ஒரு பக்கமாவது வுடுய்யா" என்றாள் ராமாயி.

"பட்டா வரட்டும். பத்து மரம் வைக்கிறேன்."

கொடிகள் பிரமாதமாகச் சிவந்தன. தாலுகா ஆபீசில் மனுவை வாங்கிக்கொண்டு, நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். புரட்டாசியில் இலை உதிர்ந்தது. ஐப்பசிக் காற்றில் மரம் சாய்ந்தது. உதவிக்கென்றே பிறந்தவர்போல் காரியஸ்தர் ஆள் அனுப்பினார். அடிக்கட்டையோடு வண்டியில் ஏற்றி, பள்ளத்தையும் நிரவிவிட்டார்.

தை பிறந்து வருவாய் ஆய்வாளர் வந்தார், கூடவே காரியஸ்தரும். மண்ணுக்குள் தப்பிய ஏதோ ஒரு துண்டு வேர், சாண் உயரத்துக்குத் துளிர்த்திருந்தது.

"மரம்னு எழுதியிருக்கே, இதுவா?"

"இதோட அம்மாங்க" என்றான் வீரையன்.

"எப்ப வெச்சது?"

"எங்க கல்யாணத்தப்ப."

"கல்யாணத்துக்கு யாரு சாட்சி?"

"நாந்தாங்க" என்றாள் ராமாயி.

ஆய்வாளர் குனிந்து துளிரைப் பார்த்தார். "மூணு மாசம்கூட இருக்காதே."

"அதைத்தாங்க நானும் அப்பலேருந்து சொல்றேன்" என்றார் காரியஸ்தர், குடையை விரித்தபடி.

மனு தள்ளுபடி. மனையைக் காலி செய்யச் சொல்லிக் காரியஸ்தர் ஆள் அனுப்பினார். அடுத்த ஊர்வலத்தில் ஒரு கை பார்த்துவிடலாம் என்று இராஜாங்கம் ஆறுதல் சொன்னார்.

வீரையன் கூரை மேல் ஏறிக் கீற்றை உருவிப் போட்டான். ராமாயி கீழே நின்று அடுக்கினாள். எங்கே போய்க் கட்டுவது என்று இருவருக்குமே தெரியாது.