சுமை இறக்கியும் விடாத தலைவலி

கேரளத்தில், விழிஞ்ஞம் பக்கத்துக் கட்டடங்களில் செங்கல் சுமந்தவள் பேச்சி. கணவன் லிங்கத்தோடு தென்காசியிலிருந்து பிழைக்க வந்தவள். எய்ட்ஸில் அவன் போனான். அதே கிருமி தனக்கும் இருப்பது தெரிந்தும் அவள் வேலையை விடவில்லை.

எச்.ஐ.வி. உள்ளவர்களை வீட்டில் போய்க் கவனிப்பது என் வேலை. 2005 மழைக்காலத்தில் நான் போனபோது, தலையில் வைக்கும் சும்மாட்டை இரட்டைத் துணியாகத் தைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் சுக்குப் பற்று காய்ந்து உதிர்ந்தது.

"செங்கல்லு தலைய அமுக்குது சேச்சி. இது கனமா இருந்தா சரியாவும்."

சித்தாள் பெண்களுக்குத் தலைவலி வந்தால் பழி சுமையின் மேல்தான்.

"ஞாயித்துக்கிழமை சுமக்கல்லியே, அன்னைக்கும் வலிச்சுதா?"

அவள் விரல் நெற்றிப் பற்றுக்குப் போனது. ஜன்னலைத் திறந்தேன். வெளிச்சம் பட்டதும் முகத்தைத் திருப்பினாள்.

"நாக்க நீட்டு பிள்ளே."

தயிர் ஒட்டியதுபோல் வெள்ளைப் பூஞ்சை. தலையைக் குனியச் சொன்னேன். தாடை நெஞ்சைத் தொடவில்லை. எதிர்ப்புச் சக்தி வற்றிய உடம்பில் வேறொரு பூஞ்சை மூளையைச் சுற்றிய சவ்வுவரை ஏறிவிடும். லிங்கத்துக்கும் அதுதான் வந்தது.

ஆட்டோவில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரியில், முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் கட்டிலைவிட்டு இறங்கிவிட்டாள்.

"அவருக்கு எடுத்தாங்க. மறுநாள் போயிட்டாரு. எனக்கு வேண்டா."

"தண்ணி எடுத்ததுல போகல்ல. தலவலின்னு தைலத்தத் தேச்சுத் தேச்சு, நெனவு தப்பினப்பொறம்லா கொண்டுவந்தீங்க."

"நீங்க சொல்லுவீங்க. ஒங்க முதுகா?"

"இல்ல. வலியும் என்னுது இல்ல. செருப்பு அந்தா கெடக்கு. போறதுன்னா போ."

செருப்பை எடுக்கக் குனிந்தவள், தலையைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாள். நான் தூக்கப் போகவில்லை. காத்திருந்தேன்.

"கைய விடமாட்டீங்கல்லா?"

"விடமாட்டேன்."

முழங்காலை வயிற்றோடு மடக்கி ஒருக்களித்துப் படுத்தாள். டாக்டர் முதுகில் ஊசியை இறக்கியதும், உள்ளிருந்த அழுத்தத்தில் நீர் வேகமாகச் சொட்டியது. என் விரல்களை நசுக்கிக்கொண்டிருந்த அவள் பிடி மெல்லத் தளர்ந்தது. பயந்துபோய் முகத்தைப் பார்த்தேன்.

"தலை லேசாயிருக்கு சேச்சி," என்றாள். பிறகு, "அவருக்கும் முந்தியே எடுத்திருந்தா?"

"தெரியாது. எழும்பாத, அப்படியே கெட."

பூஞ்சைதான் என்று சோதனையில் தெரிந்தது. காலையில் மருந்து நரம்பில் ஏறத் தொடங்கியதும், அந்த மருந்து தரும் குளிரில் அவளுக்குப் பல் கிட்டியது. போர்வையை இழுத்துவிட்டேன்.

"இன்னைக்குதான சேச்சி அந்த மறுநாள்?"

"ஆமா. கஞ்சி வாங்கியாறேன். உப்புப் போடவா, வேண்டாமா?"

கொஞ்சம் யோசித்தாள். "போடுங்க."