பதில் இல்லாவிட்டாலும் வாருங்கள்

லிஃப்டுகளை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைத் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில், ஒன்பது பொறியாளர்களுக்குத் தலைவியாக இருந்தாள் அவள். எதிரில் எல்லோரும் ‘மேடம்’ என்றார்கள். முதுகுக்குப் பின்னால் ‘தராசு’. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்துப் பேசுபவள் என்பதால் வந்த பெயர். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூர அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாளே ஒரு தாளைக் கையில் கொடுப்பாள். தான் எப்படி வேலை செய்வாள், மற்றவர்களிடம் என்ன எதிர்பார்க்கிறாள் என்று அவளே எழுதிய ஒரு பக்கம். ஆறு மணிக்கு மேல் யாரையும் கூப்பிட மாட்டேன். பாராட்டை எல்லோர் முன்னாலும் சொல்வேன், குறையைத் தனியாகச் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். கெட்ட செய்தியை முதலில் என்னிடம் கொண்டு வாருங்கள்; பதில் கையில் இல்லாவிட்டாலும் வாருங்கள். கொண்டு வந்தவர் மேல் கோபப்பட மாட்டேன்.

அவள் கணவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். அந்தத் தாளை முதலில் படித்துப் பார்த்தவர் அவர்தான். ஒற்றுப்பிழை இரண்டைத் திருத்திவிட்டு, கடைசி வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டார்.

“‘கோபப்பட மாட்டேன்’ வேணாம்மா. ‘கோபப்படாம இருக்கப் பாக்கறேன்’னு போடு.”

“ஏங்க, அப்படிப் போட்டா யாரு நம்பி வருவாங்க?”

“நம்பி வந்துட்டா?” என்று கேட்டார் அவர். அவள் சிரித்துக்கொண்டே பென்சில் கோட்டை அழித்தாள்.

அந்த வரியை அவள் பேச்சுக்காக எழுதவில்லை. முதல் வேலையில் அவளுக்கு வாய்த்த அதிகாரி, தவறு என்று யாராவது வந்து நின்றால் கோப்பைத் தூக்கி வீசுகிறவர். ஒருமுறை அது அவள் தோளில் பட்டது. நாம் ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் இப்படி இருக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டிக்கொண்டாள். பதினேழு வருஷம் அதைக் காப்பாற்றியும் வந்தாள். திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் அவள் கேட்கும் முதல் கேள்வி, “இந்த வாரம் எது பயமா இருக்கு?” என்பதுதான். ஆளுக்கு ஒரு பயத்தைச் சொல்வார்கள். அதிலிருந்துதான் அந்த வாரத்து வேலை தொடங்கும்.

சோதனைப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் அவளைவிட ஆறு வயது மூத்தவர். அவரை ‘வாய்ப்பூட்டு’ என்பார்கள். கேட்டாலொழியப் பேச மாட்டார். ஆனால் அவர் கையெழுத்துப் போட்டுப் போன பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

ஒரு புதன்கிழமை. காலையில் இயக்குநர் அவளை அழைத்து, வாடிக்கையாளர் முன்னிலையிலேயே, தாமதத்துக்காக வறுத்தெடுத்திருந்தார். முகம் சுண்டிப்போய்த் தன் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். கதவைச் சாத்தக்கூட இல்லை. சோதனைக்காரர் வந்து நின்றார்.

“மேடம், கரண்ட் போனா லிஃப்ட் பேட்டரியில ஓடி பக்கத்து மாடியில போய் நிக்கணும்ல? இருபது தடவை பார்த்தேன். ஒரு தடவை போகல. நடுவுலயே நின்னுடுச்சு.”

“ஏன்?”

“தெரியல மேடம். இனிமேதான் பார்க்கணும்.”

மேலே வாங்கியதையெல்லாம் அவள் கீழே கொட்டினாள். “இருபதுல ஒண்ணு. அதுவும் ஏன்னு தெரியாது. நாளன்னிக்குப் பெட்டி போகணும், இன்னிக்கு வந்து சொல்றீங்க. பிரச்சினையைத் தூக்கிட்டு வராதீங்க சார். பதிலோட வாங்க.”

வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது. அவர் “சரி மேடம்” என்று திரும்பிப் போனார். மேலும் முப்பது முறை சோதித்தார். முப்பது முறையும் லிஃப்ட் ஒழுங்காக மாடியில் போய் நின்றது. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டார். பெட்டிகள் பன்னிரண்டு கட்டடங்களுக்குப் போயின.

அடுத்த திங்கட்கிழமை வழக்கமான கேள்வியைக் கேட்டாள். “ஒண்ணும் இல்ல மேடம்” என்றார்கள். அதற்கடுத்த திங்களும் அதே பதில். மூன்றாவது திங்களும் அதே. எல்லாம் சீராக ஓடுகிறது என்று வீட்டில் கணவரிடம் சொல்லி மகிழ்ந்தாள். ஒன்பது பேர் வாயும் ஒரே நேரத்தில் ஏன் அடைத்துப்போயிற்று என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நான்காவது வாரம், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மின்சாரம் போனது. லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே இருந்தவர்கள் இருவர்: ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், மருத்துவமனையிலிருந்து அவரை அழைத்துவந்த மருமகள். கும்மிருட்டில் ஐம்பது நிமிடம். கதவை நெம்பி வெளியே எடுத்தபோது ஆசிரியைக்கு நினைவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் கண் விழித்தார். பிழைத்துக்கொண்டார்.

செய்தி வந்ததும் அவள் நேரே சோதனைக்காரரிடம் போனாள்.

“இப்படி ஒண்ணு இருக்குன்னு ஏன் சார் எங்கிட்ட சொல்லல?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “சொன்னேனே மேடம்.”

அவளுக்கு ஒரு கணம் உண்மையாகவே நினைவில்லை. அவர் மேசை இழுப்பறையிலிருந்து சோதனைக் குறிப்பேட்டை எடுத்துப் பிரித்தார். தேதி, நேரம், பதினேழாவது முறையில் பழுது. அதன் கீழே சின்ன எழுத்தில்: ‘மேலாளரிடம் தெரிவித்தேன். பதிலோடு வரச் சொன்னார்.’

தன் தாளில் எழுதியிருந்த வரியை அப்படியே தலைகீழாகப் புரட்டிச் சொல்லியிருக்கிறாள். சொன்னது மறந்தும் போயிருக்கிறது. கேட்டவர் மட்டும் மறக்கவில்லை.

“இதை இயக்குநர்கிட்ட காட்டினீங்களா?”

“இல்ல. காட்டிக் குடுக்கிற மாதிரி இருக்கும். என் தப்பும் இருக்கு மேடம். கையெழுத்துப் போட்டது நான்தானே.”

மறுநாள் இயக்குநர் அவளை அழைத்துக் கதவைச் சாத்தினார். துறைத் தலைவர் பதவிக்கு அவள் பெயர் போயிருந்த நேரம் அது. “கையெழுத்து அவரோடது. அவரை அனுப்பிட்டா விஷயம் முடிஞ்சுது. நீங்க அறிக்கையில அதை மட்டும் எழுதுங்க.”

“எழுத முடியாது சார். அவர் வந்து சொன்னார். நான்தான் விரட்டிட்டேன்.”

“உங்களைத் தவிர யாருக்கு அது தெரியும்?”

“வெளியில உக்கார்ந்திருந்த எட்டுப் பேருக்கும் தெரியும்.”

குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை நகலெடுத்துத் தன் அறிக்கையின் முதல் பக்கமாக வைத்தாள். பன்னிரண்டு கட்டடங்களிலும் லிஃப்டுகளை அன்றே நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பினாள். மின்சாரம் போகும் நொடியும் லிஃப்ட் வேகம் குறைக்கும் நொடியும் ஒன்றாக வந்தால் பெட்டி குழம்பிப் போகிறது என்று கண்டுபிடிக்க ஒன்பது பேருக்கும் பதினோரு நாள் ஆனது. துறைத் தலைவர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. சோதனைக்காரர் வேலை தப்பியது.

பழுது தீர்ந்த அன்று அவள் குழுவைக் கூட்டி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். “அந்தத் தாளைத் திருப்பிக் குடுத்துடுங்க. எழுதினவளே காப்பாத்தல.”

யாரும் தரவில்லை. “மாமியார் உடைச்சா மண்குடம்னு விட்டுடாம, பொன்குடம்னு ஒத்துக்கிட்டீங்களே மேடம், அது போதும்” என்றாள் வரைபடம் போடும் பெண். ஒருவர் சிரித்தார், மற்றவர்கள் சிரிக்கவில்லை. வாய்ப்பூட்டு தன் தாளை எடுத்து, கடைசி வரியின் கீழ் ஏதோ எழுதி அவளிடம் நீட்டினார். ‘கோபம் வரும். பத்து நிமிடம் கழித்து மறுபடி போய்ச் சொல்லவும். நான் அப்படிப் போகவில்லை.’

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு அதையே நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்தாள்.

அந்தச் சனிக்கிழமை ஆசிரியையின் வீட்டுக்குப் போனாள். நான்காவது மாடி. லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் படியேறித்தான் போனாள். மருமகள் கதவைத் திறந்து, யாரென்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆசிரியை கட்டிலில் சாய்ந்திருந்தார்.

“நீதான் அந்தப் பெட்டியைச் செஞ்சவளா?”

“ஆமாம்மா.”

“உக்காரு. அம்பது நிமிஷமும் இவ கையைத்தான் பிடிச்சிட்டிருந்தேன். இவளுக்கே மூச்சு வாங்குது, ‘பயப்படாதீங்க அத்தை’ன்னு எனக்குச் சொல்றா.” கொஞ்சம் நிறுத்தினார். “எதுக்கு வந்த?”

“மன்னிப்புக் கேக்க.”

“கேட்டுட்ட. குடுக்கிறதா வேணாமான்னு நான் யோசிக்கணும்.”

முன்பெல்லாம் ஆசிரியை தினமும் மாலையில் கீழே இறங்கி, வாசலுக்கு எதிரே மரத்தடி பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாராம். இப்போது லிஃப்டில் கால் வைப்பதில்லை. படியிறங்க முழங்கால் விடுவதில்லை. இதை வாசலில் வைத்து மருமகள்தான் சொன்னாள்.

அவள் மறு சனிக்கிழமையும் போனாள். “எல்லாம் சரி பண்ணியாச்சும்மா. ஆயிரம் தடவை பார்த்தாச்சு. நானும் கூட ஏறறேன், ஒரே ஒரு தடவை வாங்க.”

“உன் ஆயிரம் உனக்கு. என் உடம்புக்கு அந்த ஒரு தடவைதான் தெரியும்.”

அதற்குமேல் அவள் வற்புறுத்தவில்லை. கையை நீட்டினாள். அன்று மூன்றாவது மாடி வரை இறங்கி, அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, திரும்ப ஏறினார்கள். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் இரண்டாவது மாடி, முதல் மாடி. பெஞ்சுக்குப் போய்ச் சேர இரண்டு மாதம் பிடித்தது. வழியெல்லாம் ஆசிரியை அவளை எதையாவது சொல்லித் திட்டிக்கொண்டே வருவார். அவள் கேட்டுக்கொண்டே வருவாள்.

வருஷக் கடைசியில் ஆசிரியையின் மகன் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்தார். சாமான்களெல்லாம் லிஃப்டில் இறங்கின. ஆசிரியை ஒரு பக்கம் மருமகளையும் மறு பக்கம் அவளையும் பிடித்துக்கொண்டு படியிலேயே இறங்கினார். வண்டியில் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு கண்ணாடியை இறக்கினார்.

“சனிக்கிழமை வந்துடு. அங்க படியே கிடையாது, உனக்கும் சிரமமில்ல.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.